டீ ஆறுவதற்குள் ஒரு கல்யாணம்

அத்தியாயம் 3

"கல்யாணத்தையே திருடிட்டாங்க மேடம்" என்று போனில் கேஸ் வந்தபோது டீச்சரின் கூட்டாளி ரேடியோ துள்ளி எழுந்து நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டான். மணப்பெண்ணை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனி கார் துரத்தல் என்ன, மாடிக்கு மாடி தாவல் என்ன என்று அவன் பாட்டுக்குக் கோட்டை கட்டினான். கடைசியில் பார்த்தால் பெண் மாப்பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கிறாள். காணாமல் போனது கல்யாண வீடியோ.

"இதுக்கு எதுக்கு டீச்சர் துப்பறியணும்? ரெண்டு பேரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை கட்டிக்கச் சொன்னா போச்சு" என்றான் படியேறிக்கொண்டே. "பொண்ணுக்கு இஷ்டம்னா மாப்பிள்ளையைக்கூட மாத்திக்கலாம்."

"வாயை மூடிட்டு ஏறுங்க."

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்துகொண்டு, எரியாத கடை எரிந்துவிட்டதாக வந்து நிற்கிறவர்களைப் பல வருஷம் குடைந்து எடுத்தவர். அவர் ஒரு கேள்வி கேட்டால் எதிராளிக்குப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உள்ளங்கை வியர்க்கும், அதனால் அந்தப் பெயர். ரேடியோ பொருட்காட்சியில் மைக் பிடித்தவன். பொருட்காட்சியை மூடிவிட்டார்கள், அவன் வாயை மூட மட்டும் ஆள் கிடைக்கவில்லை. வயசில் டீச்சரைவிட மூத்தவன், ஆனால் அவன் தலைச்சாயம் அதை ஒத்துக்கொள்ளாது.

ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு முழுக்க ரப்பர் வாடை. உள்ளே ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி, சுவர் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கும் ஜோடிகள். மூலையில் ஒரே ஒரு ஆள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாய்மாமன், தொழில் வக்கீல். விசாரித்து யார் குற்றவாளி என்று இன்றைக்குள் சொல்லாவிட்டால் போலீசுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

ஸ்டுடியோ முதலாளி ஓடிவந்து வரவேற்றார். "வாங்க மேடம். உங்களைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கற எல்லா துப்பறியற ஆபீசையும் பார்த்துட்டேன். உங்களுக்குத்தான் ரிவ்யூ நல்லா இருந்துச்சு. ரேட்டும் கம்மி."

"ரொம்ப சந்தோஷம்" என்றான் ரேடியோ. "எங்களுக்கு வாரண்டி கிடையாது சார், பரவாயில்லையா?"

முதலாளிக்கு அது காதில் ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, பிறந்த குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிரைவ் ஒன்றின் படம் அதன் மேலே இருந்தது. கம்ப்யூட்டரில் இடம் பத்தாதபோது வெளியிலிருந்து செருகிக்கொள்கிற ரகம்.

"இதுதான் மேடம் அந்த டிரைவோட பெட்டி. எஸ்.எஸ்.டி. உள்ளே சுத்தற பாகமே கிடையாது, எல்லாம் சிப்பு. ஒரு மாசம் ரிவ்யூ பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன், பஸ்ல பார்த்தேன், என் பொண்டாட்டி சண்டை போடும்போதும் பார்த்தேன். விலை கூடினதெல்லாம் பேருக்குத்தான் விலை. இது பாதி விலை, ஆனா வேகம் பாருங்க."

பெட்டியின் நெற்றியில் பெரிய பெரிய எண்களில் நொடிக்கு ஆயிரம் எம்.பி. என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் எறும்பு சைஸில் 'வரை' என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்ததை ரேடியோ கவனித்தான். கவனித்ததைச் சொல்வதற்குள் முதலாளி கன்ட்ரோலர், கேஷ், கேபிள் என்று அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். வக்கீல் ஒருதடவை தொண்டையைக் கனைத்தார்.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

நடந்தது இதுதான், அதாவது முதலாளி சொன்னபடி. கல்யாணத்தில் எடுத்ததையெல்லாம் கேமரா கார்டிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்கில் கொட்டிவைத்தார்கள். கார்டுகள் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டன, அவற்றில் இப்போது வேறொரு மாப்பிள்ளை இருக்கிறான். டிஸ்க் நிரம்பி வழிந்ததால்தான் புது டிரைவ் வாங்கியது. அது வந்து சேர்ந்த அன்று காலையெல்லாம் கரண்ட் இல்லை. எடிட்டர் பெண்மணி ஒரு ஆல்பத்தைக் கொடுக்க வெளியே போயிருந்தார், லைட் பிடிக்கும் மச்சானும் அவரோடு வேனில். முதலாளி மட்டும் தனியாக இருந்தார். கரண்ட் வந்தது, கூடவே கீழே இருந்து டீயும் வந்தது.

"டிரைவைச் செருகினேன். கல்யாண போல்டரை முழுசா காப்பி போட்டேன். டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிருச்சு மேடம். கிளாஸைக் கீழே வைக்கறேன், அங்கே முடிஞ்சதுன்னு காட்டுது. டிஸ்க்ல இடம் வேணுமேன்னு பழைய போல்டரை அழிச்சேன். டிரைவை எடிட்டர் மேஜைல வெச்சுட்டு ஸ்டுடியோக்காரங்க சங்க மீட்டிங்குக்குக் கிளம்பிட்டேன். டீ கொண்டுவந்த அம்மாகூடவேதான் படி இறங்கினேன், வேணும்னா கேளுங்க."

"அப்புறம்?"

"மத்தியானம் எடிட்டர் போன் பண்ணுது, சார் டிரைவ் காலியா இருக்கேன்னு. எப்படிக் காலியாகும்? எங்கேயோ வித்திருக்கு, இல்லேன்னா எனக்குப் பாடம் கத்துக்கொடுக்கணும்னு அழிச்சிருக்கு. அடுத்த மாசம் வேற ஸ்டுடியோவுக்குப் போகப் போகுதாம். உடனே வந்தேன். சீட்டை விட்டு எழுந்திரும்மான்னேன். ரூமைப் பூட்டினேன். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவோட போட்டேன், இந்தப் பொண்ணை யாரும் வேலைக்கு வெச்சுக்காதீங்கன்னு. அன்னிலேருந்து இந்தக் கம்ப்யூட்டரை ஒருத்தரும் தொடலை."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த திருப்தியைப் பார்த்தால் அதற்கும் ரிவ்யூ படித்திருப்பார் போலிருந்தது. ரேடியோவுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் கேஸ் கொடுத்தவரைப் பிடிக்காமல் போவது அவர்கள் தொழிலில் சகஜம்.

டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டிரைவ் எப்படி சார் இருக்கு?"

"காத்து மேடம், காத்து. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

* * *

மச்சான் கீழே வேனுக்குள், லைட் ஸ்டாண்டுகளுக்கு நடுவே காலை நீட்டிப் படுத்திருந்தான். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிட, எடிட்டரும் மச்சான் என்றார், டயர் கடைக்காரனும் மச்சான் என்றான், கல்யாண வீட்டுக்காரர்களும் மச்சான் லைட்டைத் திருப்புங்க என்றார்கள். ஊருக்கே மச்சானாகிவிட்ட அந்த ஆளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

"நீங்க அந்த டிரைவைத் தொட்டீங்களா?" என்றார் டீச்சர்.

மச்சான் திருதிருவென்று விழித்தான். "அத்தான்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

ரேடியோ டீச்சரின் முழங்கையை மெல்ல இடித்தான். கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

"அன்னிக்கு எடிட்டரை வங்கி வாசல்ல இறக்கிவிட்டுட்டு நான் முதல்ல மேலே வந்தேன்" என்றான் மச்சான். "மேஜைல புது டிரைவ் பளபளன்னு இருந்துச்சு. என் லேப்டாப்ல கொஞ்சம் படம் இருக்கு, இதுல ஏத்தி வெச்சுப் பார்க்கலாமேன்னு செருகினேன்."

"உள்ளே இருந்த கல்யாணத்தை அழிச்சுட்டீங்க" என்றான் ரேடியோ, தீர்ப்பு வாசிக்கிற குரலில்.

"கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. சுத்தமா காலி. என் படத்தைத்தான் போட்டேன், அப்புறம் என் படத்தைத்தான் அழிச்சேன். இருந்த இடத்துல வெச்சுட்டேன்."

"எதுக்கு அழிச்சீங்க? பார்க்கலாம்னுதானே போட்டீங்க."

டீச்சர் ரேடியோவைக் கையமர்த்தினார். "டிரைவ் எப்படி இருக்கு மச்சான்?" என்றார். அவரும் மச்சான் என்றுதான் சொன்னார், வேறு வழி இல்லை.

மச்சான் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "அதைக் கேக்காதீங்க மேடம், வயிறெரியுது. முதல் படம் சல்லுனு போச்சு. அடடா, அத்தான் உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்காரேன்னு நினைச்சேன். அடுத்த படம் நொண்டுச்சு. மூணாவது படத்துல படுத்தே போச்சு. நான் போய் வேனைக் கழுவிட்டு வரேன், அப்பவும் அதே இடத்துல நிக்குது. சனியன்னு கேன்சல் பண்ணி, போட்டதையெல்லாம் அழிச்சுட்டுத் தூக்கி வெச்சேன். ஒரு மாசம் ரிவ்யூ பார்த்து வாங்கின லட்சணம்."

வெளியே வந்ததும் ரேடியோ உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். "மச்சான்தான் டீச்சர். சந்தேகமே இல்லை. படம் போட இடம் வேணும்னு கல்யாணத்தை அழிச்சுட்டான், இப்ப காலின்னு கதை விடறான். வீட்டம்மாவோட தம்பியைப் பிடிச்சுக் கொடுத்தா வீட்டுல சோறு கிடைக்காதேன்னு முதலாளி பழியை எடிட்டர் தலைல கட்டிட்டாரு. எழுதுங்க ரிப்போர்ட்டை."

"ரெண்டு பேர்தான் பரீட்சை எழுதியிருக்காங்க" என்றார் டீச்சர். "மூணாவது ஆள் பாக்கி."

* * *

மூன்றாவது ஆளை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. அதனால் எடிட்டர் டயர் கடை வாசலில், அடுக்கிவைத்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டிய பெண்மணி. ராத்திரியும் பகலும் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்துக்கு வந்திருந்தார், அது ரேடியோவுக்கு நல்லதாகப் பட்டது. அழுகிறவர்களிடம் ஜோக் அடிக்க முடியாது.

"குரூப்ல என் போட்டோவைப் போட்டதும் புது ஸ்டுடியோக்காரங்க வர வேணாம்னுட்டாங்க. இந்தக் கையை நம்பித்தான் வீடு ஓடுது" என்றார். "அதைக்கூடத் தாங்கிக்கலாம் மேடம். நேத்து எங்க மாமியார் பக்கத்துல வந்து உக்காந்து, எடுத்தியா இல்லையான்னு என்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடும்மான்னு கேட்டாங்க. பாசமாத்தான் கேட்டாங்க. அதுதான் ஆறலை."

ரேடியோவுக்கு வாய்வரை ஒன்று வந்தது, விழுங்கிவிட்டான்.

"டிரைவ் எப்படிம்மா இருக்கு?" என்றார் டீச்சர்.

எடிட்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் எங்கே மேடம் அதுல வேலை பார்த்தேன்? செருகினேன், காலியா இருந்துச்சு, உருவி வெச்சேன். சார் இன்னும் காப்பி போடலை போலிருக்குன்னு போன் பண்ணேன். அது எப்படிப் போகும்னு எனக்கு என்ன தெரியும்? மாமியாரையும் நான் திறந்துகூடப் பார்க்கலை."

"உங்க மாமியாரையா?" என்றான் ரேடியோ. திறப்பது என்றால் எந்த இடத்தில் என்று அவனுக்குப் புரியவில்லை.

முதல் தடவையாக எடிட்டர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய ஹார்ட் டிஸ்க் சார். டிரைவுக்கெல்லாம் நான் பேர் வெச்சுடுவேன், திரைல அந்தப் பேரே வரும். அதே கம்ப்யூட்டர்ல சின்னதா வேகமா ஓடற இன்னொரு டிஸ்க் இருக்கு, அது சின்னப்பொண்ணு. இந்தப் பழைய பெரிசு மாமியார். மெதுவா நடக்கும், முனகும், ஆனா எதையும் மறக்காது. எட்டு வருஷமா திரையைத் திறந்ததும் மாமியார் முகத்துலதான் முழிக்கிறேன். வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

டீச்சர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மேல்மாடி ஜன்னலை ஒருதடவை பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் யாரோ ஒருவர் பரீட்சையில் கோட்டைவிட்டார் என்று பொருள். துடைத்தார்.

"வாங்கம்மா மேலே" என்றார்.

"என்னை விட மாட்டாங்களே."

"பரீட்சைக்கு வர்ற பிள்ளையை வாசல்ல நிறுத்த எவனுக்கும் உரிமை இல்லை. வாங்க."

* * *

எடிட்டரைக் கண்டதும் முதலாளி எழுந்துவிட்டார். "இது எதுக்கு இங்கே?"

"உக்காருங்க சார்" என்றார் டீச்சர். அவர் குரல் உயரவில்லை. முதலாளி உட்கார்ந்தார். "வக்கீல் சார் முன்னாடி ஒரு சின்னச் சோதனை. அன்னிக்கு நீங்க பண்ணினதையே இன்னிக்கும் பண்ணிக் காட்டணும். போன மாசம் எடுத்த கல்யாணம் ஏதாவது இதே அளவுல இருக்காம்மா?"

"சின்னப்பொண்ணுகிட்ட இருக்கு மேடம்" என்றார் எடிட்டர். "ஆனா மாமியாரைத் தொட வேணாம். அதுல ஒண்ணும் எழுதிடாதீங்க."

"தொடலை. அந்தக் கல்யாணத்தை அப்படியே இந்தப் புது டிரைவுக்கு சார் காப்பி போடட்டும். ரேடியோ, கீழே சொல்லி எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொல்லுங்க. சூடா இருக்கணும்."

டீக்கடைக்கார அம்மா தூக்குப் போணியும் கிளாஸுமாக வந்தார். மச்சானும் டீ என்றதும் பின்னாலேயே வந்துவிட்டான். ஆவி பறக்கப் பறக்க ஒரு கிளாஸை முதலாளி முன்னால் வைத்ததும், டீச்சர் தலையசைத்தார். முதலாளி காப்பி போட்டார்.

திரையில் பச்சைக் கோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. பெட்டியில் போட்டிருந்த அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது வேகம். முதலாளி நாற்காலியில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார். "நான் சொல்லலை?" என்று டீயை உறிஞ்சினார்.

டீச்சர் தோற்று ரேடியோ பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தே தீரவேண்டும் போலிருக்கிறதே என்று பயந்தான். எடிட்டர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஜோடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட்டில் கால்வாசி தாண்டியிருக்கும். எண் சரிந்தது. ஆயிரத்துப் பக்கம் இருந்தது பாதியானது, பாதி கால் ஆனது, பிறகு விழுந்து விழுந்து நாற்பதுக்கு வந்து அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டது. பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"கேபிள்" என்றார் முதலாளி.

எல்லாரும் டீ குடித்தார்கள்.

"ஏசி சரியில்லை. சூடாயிடுச்சு."

டீக்கடைக்கார அம்மா காலி கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். முதலாளியின் கிளாஸில் மிச்சமிருந்த டீயின் மேல் ஏடு படிந்திருந்தது. "இதை எடுக்கட்டுமா, குடிக்கப் போறீங்களா? ஆறிப்போய்க் கிடக்கே" என்றார். அந்த அம்மாவுக்குக் கேஸ் ஒன்றும் தெரியாது. கேட்டது சாதாரணமாகத்தான், ஆனால் ரேடியோ சிரித்துவிட்டான்.

"அன்னிக்கும் இதே டீதான்" என்றார் டீச்சர். "அன்னிக்கு இந்த டிரைவ் ஒரு கல்யாணத்தையே டீ ஆறறதுக்குள்ள முழுங்கிச்சுன்னு சொன்னீங்க. இன்னிக்குக் கால் கல்யாணத்துல ஏப்பம் விடுது."

"அதுவும் சின்னப்பொண்ணுகிட்டேருந்து எடுக்கும்போதே இந்த லட்சணம்" என்றார் எடிட்டர். "மாமியார்கிட்டேருந்துன்னா இன்னும் லேட். அவங்க நடையே வேற."

"நான் இதைத்தான் மேடம் அப்பவே சொன்னேன்" என்றான் மச்சான். சொன்ன பிறகுதான் அத்தான் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து தூணோடு தூணாக ஒண்டிக்கொண்டான்.

டீச்சர் நாற்காலியை முதலாளிக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு பேருக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன். டிரைவ் எப்படின்னு. மச்சான் வாய்க்கு வந்தபடி திட்டினார். இந்தம்மா தெரியாதுன்னாங்க. நீங்க காத்துன்னீங்க. விலை கம்மியா இருக்கற சாமானைத் திட்டறவன் அதை வெச்சு வேலை பார்த்தவன் சார். வாய் நிறையப் புகழறவன் பெட்டியைப் படிச்சவன். முதல்ல கொஞ்ச தூரம் ஓடிக் காட்டிட்டு அப்புறம் படுத்துக்கும்னு, இதுல ஒரு கல்யாணத்தை ஏத்தின எவனுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு மட்டும் தெரியலை. கல்யாணம் எவ்வளவு பெரிசுன்னு பார்த்தீங்க, அதைப் பெட்டில போட்ட எண்ணால வகுத்தீங்க, ஒரு டீ நேரம்னு விடை வந்துச்சு. நீங்க காப்பி பண்ணலை சார். வகுத்தல் கணக்குப் போட்டிருக்கீங்க."

"கணக்கு சரி, விடை தப்பு" என்றான் ரேடியோ. இந்த இடத்தைத் தவறவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

முதலாளி விடவில்லை. "காப்பி போடலைன்னே வெச்சுக்குங்க. அதுக்காக நான் அழிச்சேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. அதுக்கு மாமியாரைத்தான் கேக்கணும்" என்று டீச்சர் திரையைக் காட்டினார். "எட்டு வருஷமா இங்கே மாமியார்னு ஒரு பேர் இருந்துச்சாம். எங்கே அவங்க?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சின்னப்பொண்ணு இருந்தாள். அவளுக்குக் கீழே மாமியார் இருக்கவேண்டிய இடத்தில் 'நியூ வால்யூம்' என்று ஊர் பேர் தெரியாத ஒன்று உட்கார்ந்திருந்தது.

எடிட்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். "போல்டரை அழிச்சா பேர் போகாது மேடம். மொத்த டிஸ்க்கையும் துடைச்சு பார்மேட் பண்ணினாத்தான் பேர் போகும்."

"போல்டரை மட்டும் அழிச்சேன்னு சார் நம்ம எல்லார்கிட்டயும் சொன்னாரு" என்றார் டீச்சர்.

வக்கீல் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அவ்வளவுதான், முதலாளி உடைந்துவிட்டார்.

"ஒரு ரிவ்யூல சொன்னான் சார்" என்றார், டீச்சரை விட்டுவிட்டு வக்கீலைப் பார்த்து. "புது டிரைவை முதல்ல ஒருதடவை பார்மேட் பண்ணிட்டு யூஸ் பண்ணினா வேகம் கூடும்னு. பண்ணினேன். நிஜமாவான்னு கேட்டுச்சு. ஆமான்னு போட்டேன். மறுபடியும் கேட்டுச்சு, எல்லாம் போயிடும் பரவாயில்லையான்னு. புதுசுல என்ன இருக்கப் போகுதுன்னு அதுக்கும் ஆமான்னு போட்டேன். அப்புறம் பார்த்தா புதுசு அப்படியே இருக்கு, பழசு காலியா இருக்கு. சங்கத்துல நான்தான் தலைவர். தலைவரே இப்படிப் பண்ணிட்டார்னு..."

"அதனால எட்டு வருஷமா உங்ககிட்ட உழைச்ச பொண்ணைத் திருடின்னு போட்டீங்க" என்றார் டீச்சர். "விசாரணைக்கும் ஆள் வெச்சீங்க. விலை கம்மியா."

"விலை கம்மின்னா வேலை கம்மின்னு நினைச்சுட்டாரு" என்றான் ரேடியோ. தங்கள் பீஸ் இனிமேல் வருமா என்று ஒரு பக்கம் கவலை இருந்தது, அதை அப்புறம் படலாம் என்று ஒத்திவைத்தான்.

வக்கீல் முதல் தடவையாகப் பேசினார். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். கல்யாணம் திரும்பக் கிடைக்குமா?"

"பார்மேட் ஆயிடுச்சே சார், போனது போனதுதான்" என்றார் முதலாளி.

"இல்லை சார்" என்றார் எடிட்டர். "கிடைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க், அவசர பார்மேட். எது எங்கே இருக்குங்கற அட்டவணையைத்தான் கிழிச்சிருக்கும், உள்ளே இருக்கறது அப்படியே இருக்கும். மேலே வேற ஏதாவது எழுதினாத்தான் அழியும். அன்னிலேருந்து யாரும் ஒரு எழுத்து எழுதலையே. என்னைத்தான் சீட்டை விட்டு எழுந்திருன்னு ரூமைப் பூட்டிட்டாங்களே."

"அப்ப உக்காரும்மா, உக்காரு" என்று முதலாளி பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தே கொடுத்தார்.

எடிட்டர் உட்காரவில்லை. "முதல்ல குரூப்" என்றார்.

முதலாளி போனை எடுத்தார். ரொம்ப நேரம் தட்டினார். எடிட்டர் கையை நீட்டி வாங்கி ரேடியோவிடம் கொடுத்தார். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு பொருட்காட்சிக் குரலில் வாசித்தான். "அன்பான உறுப்பினர்களே, சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட ஒரு சிறு புரிதல் குறைபாடு தொடர்பாக..."

"இது யார் எழுதின ரிவ்யூ?" என்றார் வக்கீல்.

இரண்டாவது தடவை சின்னதாக வந்தது. கல்யாண வீடியோவைத் தவறாக அழித்தது நான்தான், பழியை எடிட்டர் மேல் போட்டேன், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அதை அனுப்பும்போது முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் அப்போதே தன் போனைத் திறந்து வந்ததா என்று பார்த்து, வந்துவிட்டது என்று எடிட்டருக்குத் தலையாட்டினான்.

எடிட்டர் உட்கார்ந்தார். அதற்கென்று இருக்கும் மென்பொருளை ஓடவிட்டு, மாமியாரைத் துழாவச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் முளைக்க ஆரம்பித்தன. முதலில் முளைத்தது மணப்பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கையில் சாப்பாட்டுத் தட்டோடு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்த ஒரு பெரிய மனிதர்.

வக்கீல் மூக்கை உறிஞ்சினார். "இந்த இடத்தை மட்டும் வெட்டிடலாமாம்மா?"

"வெட்ட மாட்டேன் சார்" என்றார் எடிட்டர். "கல்யாணத்துலயே இதுதான் நல்ல ஷாட்."

இனி ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. மீட்டதை மாமியார் மேலேயே எழுதக்கூடாது, சின்னப்பொண்ணிடம் இடம் இல்லை. எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் மேஜை மேல் கிடந்த அந்தத் தீப்பெட்டி டிரைவ் பக்கம் போயிற்று. முதலாளியின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"சோதனைக்குப் போட்டதை அழிச்சுட்டு அதுலதான் ஏத்தணும்" என்றார் எடிட்டர்.

"முடியற வரைக்கும் இவர் இங்கேயே உக்காந்து பார்த்துட்டு இருக்கட்டும்" என்ற வக்கீல், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளியின் தோளோடு தோள் இடிக்கப் போட்டு உட்கார்ந்தார். "நானும் துணைக்கு இருக்கேன்."

பச்சைக் கோடு சல்லென்று கிளம்பி, கால்வாசியில் படுத்தது. டீக்கடைக்கார அம்மா இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார். முதலாளி வேண்டாம் என்றார்.

எடிட்டரின் போன் அடித்தது. வர வேண்டாம் என்று சொன்ன புது ஸ்டுடியோ. அதை அடிக்கவிட்டுவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் போய் வீட்டுக்குப் பேசினார். "அத்தை, நேத்து ஒண்ணு கேட்டீங்களே. நான் எடுக்கலை அத்தை. குரூப்லயே போட்டுட்டாங்க, வந்து படிச்சுக் காட்டறேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எடிட்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேடியோவிடம் வந்தார்.

"உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணுமாம். எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடறாங்க" என்றார். "வாங்க. ஆனா அந்த டிஸ்க்குக்கு அவங்க பேரை வெச்சிருக்கேன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க சார்."

ரேடியோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவனை நம்பி யாரும் ஒரு ரகசியத்தைக் கொடுத்ததில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறப்பதாக இல்லை.